ஹால்ஸ்டாட்டில் ஓர் இரவாவது தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நெருங்கினால் ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்கள் குவிகின்றன. அவற்றில் பலவும் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் கிராமத்தை ஒரு பிற்பகல் நிறுத்தமாகவே வைத்திருக்கின்றன. தம்பதியாகப் போகத் திட்டமிடுவோர் அதை ஏற்காமல், சொந்தமாக ரயிலேறி அங்கே ஓர் இரவு தங்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

காரணம் வெயில்தான். கிராமம் ஏரியின் மேற்குக் கரையில், செங்குத்தான மலையடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காலை வெயில் வீடுகளின் முகத்தில் நேராக விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் எல்லாம் நிழலாகிவிடும். அந்த நேரத்தில் பேருந்தில் வந்து இறங்குபவர்களுக்குக் கிடைப்பது மங்கிய படமும் நெரிசலும்தான். டிசம்பரில் பகலும் மிகக் குறுகியது.

வியன்னாவிலிருந்து போனால் ஆட்நாங்-புக்ஹைமில் ரயில் மாற வேண்டும். மொத்தம் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். மாறிய ரயிலில் முதலில் இடப்பக்கம் உட்காருங்கள், டிரவுன் ஏரி அந்தப் பக்கம் வரும். பாட் இஷ்ல் ஊர் தாண்டியதும் வலப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள், ஹால்ஸ்டாட் ஏரி அந்தப் பக்கம் வரும். ஹால்ஸ்டாட் ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கிராமத்துக்குப் படகில் சுமார் பத்து நிமிடம். பலர் தடுமாறுவது இங்கேதான். படகு ரயில் நேரத்தை ஒட்டி ஓடுகிறது, இரவில் கிடையாது. தாமதமாக வந்து இறங்கினால் கிராமம் கண்ணெதிரே தெரியும், போய்ச் சேர வழியிருக்காது. அதனால் கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்துவிட்டு ரயில் சீட்டு வாங்குங்கள். படகுக்குத் தனிக் கட்டணம், யூரோ ரொக்கம் கையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை வியன்னா அல்லது சால்ஸ்பர்க் நிலையப் பெட்டகத்தில் விட்டுவிடலாம். கிராமத்துப் படிகளிலும் கல் பாவிய சந்துகளிலும் சக்கரப் பெட்டியை இழுப்பது பெரும்பாடு.

உப்புச் சுரங்கத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சுமார் 7,000 ஆண்டுகளாக அங்கே உப்பு எடுக்கிறார்கள். 1846ல் சுரங்க அதிகாரி ராம்சாவர் தோண்டத் தொடங்கிய இடுகாட்டில் ஏறத்தாழ ஆயிரம் கல்லறைகள் வெளிப்பட்டன. ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கு இந்தக் கிராமத்தின் பெயரே நிலைத்துவிட்டது. கிமு 1344ல் வெட்டிய மரத்தால் செய்த படிக்கட்டு ஒன்று, உப்பு மக்கவிடாமல் காத்ததால், இன்றும் முழுதாக இருக்கிறது. சுரங்கத்துக்குள்ளே கோடையிலும் 8 பாகை செல்சியஸ்தான், தடித்த மேலாடை அவசியம். சுரங்கத்துக்கு ஏற்றிச்செல்லும் மலை ரயிலும் சுரங்கமும் பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு. தேதியைப் பார்க்காமல் அறை பதிவுசெய்ய வேண்டாம்.

தேவாலயத்தை ஒட்டிய எலும்பு மண்டபத்தையும் தவறவிடாதீர்கள். இடுகாட்டில் இடம் போதாததால் பழைய கல்லறைகளைத் திறந்து, மண்டை ஓடுகளைச் சுத்தம்செய்து, பெயரும் பூக்களும் தீட்டி அடுக்கியிருக்கிறார்கள். சுமார் 1,200 ஓடுகளில் பாதிக்கு மேல் வண்ணம் தீட்டியவை. சுவா சூ காங் இடுகாட்டில் 15 ஆண்டுக்குப் பின் கல்லறையைத் தோண்டி எச்சங்களை எடுத்துவிடும் சிங்கப்பூரிலிருந்து போகும் நமக்கு அந்த நெருக்கடி நன்றாகவே புரியும்.

முட்டை சாப்பிடும் சைவ உணவுக்காரர்கள் சீஸ் கலந்த ‘ஸ்பெட்ஸ்லே’ (முட்டை சேர்த்துப் பிசைந்த மாவுத் துண்டுகள்) கேட்கலாம். ஞாயிறன்று ஆஸ்திரியாவில் பெரும்பாலான கடைகள் அடைப்பு. இறைச்சி, நெய், பால் மாவு ஆகியவற்றை இங்கிருந்து கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். தம்பதியில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால், இங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும் அவருக்கு ஷெங்கன் விசாவும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் தேவை.

ஹால்ஸ்டாட்டில் வசிப்பவர்கள் எழுநூற்றுச் சொச்சம் பேர்தான். 2023ல் தற்படம் எடுக்கும் இடத்தில் மரத்தடுப்பு வைத்துப் பார்த்து, பிறகு எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கோரிச் சாலையில் இறங்கினார்கள். வீட்டு வாசலில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். நம் பயண முகவைகளும் அந்தப் பிற்பகல் நிறுத்தத்தை ஓர் இரவுத் தங்கலாக மாற்றினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தம்பதி, ஈசூன்