மணப்பெண்ணின் தோழியர் விருந்தும் விளையாட்டுத் தேர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணத்துக்கு முன் மணப்பெண்ணுக்காகத் தோழிகள் நடத்தும் 'பேச்சலரெட் பார்ட்டி'க்கு இப்போது தோழிகள் மட்டும் வருவதில்லை. பெண்ணின் அம்மா, வருங்கால மாமியார், பாட்டி, பள்ளியில் படிக்கும் தங்கை, உடன் பணிபுரிபவர்கள் என ஒருவரையொருவர் அதிகம் அறியாதவர்களும் ஒரே அறையில் கூடுகிறார்கள். ஆனால் அந்த விருந்துக்கென்று பரிந்துரைக்கப்படும் விளையாட்டுகளில் பல, நெருங்கிய தோழிகள் தனித்திருக்கும்போது மட்டுமே ஆடத்தக்கவை.

ஒரு விளையாட்டு கண்ணியமானதா என்பதை, அதில் ஆபாசம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. அதில் எழும் சிரிப்பு யாரைச் சங்கடப்படுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். 'உண்மையா, சவாலா' விளையாட்டில் ஒரு தகாத சொல்கூட வராமலேயே, பெண்ணின் பழைய காதலைப் பற்றி மாமியார் முன்னிலையில் கேட்டுவிட முடியும். 'நான் ஒருபோதும் இதைச் செய்ததில்லை' என்று ஒவ்வொருவராகச் சொல்ல, அதைச் செய்தவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய ஆட்டத்தில் மௌனமும் ஒரு பதிலாகிவிடுவதால், விலகிக்கொள்ளவே வழியில்லை. தோற்றவர் மது அருந்த வேண்டும் என்ற விதியோ கர்ப்பிணிகளையும், மருந்து உட்கொள்பவர்களையும், சிறுமிகளையும் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்திவிடுகிறது.

இவற்றுக்குப் பதிலாக நான் முதலில் பரிந்துரைப்பது, மணமகனிடம் முன்கூட்டியே பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டு, அவர் பதில்களைக் கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று மணப்பெண்ணை ஊகிக்கச் சொல்லும் விளையாட்டு. பெண் பதில் சொன்ன பிறகு காணொளியை ஓடவிட்டால், இரண்டு பதில்களும் ஒத்துப்போனாலும் சிரிப்பு, முரண்பட்டாலும் சிரிப்பு. இதன் தரம் முழுவதும் கேள்விகளில்தான் இருக்கிறது. முதல் சந்திப்பில் அவள் அணிந்திருந்த உடையின் நிறம், சண்டைக்குப் பின் முதலில் பேசுபவர் யார், எந்த வீட்டு வேலையிலிருந்து அவர் நழுவுவார் என்பன போன்றவற்றைத் தயங்காமல் கேட்கலாம். உடல் எடை, சம்பளம், முந்தைய உறவுகள், குழந்தை எப்போது என்பவற்றை அறவே தவிர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன கேள்வியைப் பலர் வாழ்த்தாகவே நினைத்துக் கேட்கிறார்கள். கேட்கப்படுபவருக்கு அது அப்படி இருப்பதில்லை.

மணப்பெண்ணை அதிகம் அறியாத விருந்தினர்களுக்குப் பரிசு பிங்கோ ஏற்றது. ஐந்துக்கு ஐந்து என 25 கட்டங்கள் வரைந்து, நடுக்கட்டத்தை இலவசமாக விட்டு, எஞ்சிய 24 கட்டங்களில் பெண்ணுக்கு வரக்கூடிய பரிசுகளை ஒவ்வொருவரும் ஊகித்து எழுத வேண்டும். பரிசுகள் பிரிக்கப்படும்போது, ஊகித்த பரிசு வந்த கட்டத்தை அடித்துக்கொண்டே வந்து, ஒரு வரிசை முழுவதையும் அடித்துவிட்டால் வெற்றி. முன்னறிவு எதுவும் தேவையில்லாததால் பாட்டிக்கும் பேத்திக்கும் இதில் ஒரே வாய்ப்புதான். உட்கார்ந்தபடியே ஆடலாம் என்பதால் மூட்டுவலி உள்ளவர்களும் ஒதுங்கியிருக்க நேராது.

நினைவாற்றல் விளையாட்டில் ஓர் அழகான மாற்றம் உண்டு. இருபது பொருட்கள் அடுக்கிய தட்டை மணப்பெண்ணே ஏந்தி எல்லோருக்கும் காட்டிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். தட்டில் இருந்தவற்றை எழுதத் தயாராகும் விருந்தினர்களிடம், அவள் அணிந்திருந்த நகைகளையும் உடையையும் பற்றிக் கேட்க வேண்டும். வாய் பேசாமல் நடித்துக் காட்டும் 'டம்ப் சரேட்ஸ்' எல்லோரும் அறிந்ததே. இரு தலைமுறையினருக்கும் தெரிந்த தலைப்புகளைத் தேர்ந்தெடுத்து, வயது கலந்த அணிகளாகப் பிரித்தால் போதும்.

விளையாட்டுப் பட்டியலை மணப்பெண்ணிடம் முன்னதாகக் காட்டுவதால் வியப்பு கெட்டுவிடும் என்று தோழிகள் அஞ்சுகிறார்கள். பதில்களையும் பரிசுகளையும் மறைத்து வைத்தாலே வியப்புக்குப் போதும். எந்தப் பேச்சு வரக்கூடாது என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். படம் எடுப்பதற்கும், அதைச் சமூக ஊடகங்களில் பகிர்வதற்கும் விருந்தினர்களின் சம்மதத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், வாசகர்கள் ஆடிப் பார்த்த இத்தகைய விளையாட்டுகளை, எத்தனை பேர், எந்த வயதினர், எவ்வளவு நேரம் ஆடலாம் என்ற குறிப்புகளுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்