தொட்டில் அறைக்கு வர்ணமா? முதலில் பழைய பூச்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் பெயிண்ட் அடிப்பவர்கள் புது பெயிண்டின் வாடைக்குத்தான் பயப்படுகிறார்கள். அதைவிட ஆபத்தானது பழைய எனாமலைச் சுரண்டும்போது பறக்கும் தூசி. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னல் கம்பிகளில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் இருக்கலாம். தாயின் ரத்தத்தில் கலக்கும் ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகும்.

அதனால் உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். 'நேரமாகும்' என்று பெயிண்டர் முணுமுணுப்பார், ஆகட்டும். தீயால் சுட்டு உரிக்கவே கூடாது. முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும்.

சுவருக்குத் தண்ணீரில் கலக்கும் 'லோ விஓசி' (காற்றில் ஆவியாகும் ரசாயனம் குறைந்த) எமல்ஷன் போதும். மரத்துக்கும் தண்ணீரில் கலக்கும் எனாமல் கிடைக்கிறது. தின்னர், டர்பன்டைன் தேவையில்லை. வேலை நடக்கும்போது கர்ப்பிணி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனபின் புகுந்த வீட்டில் அடிப்பது தோது. தாய்வீட்டையும் அதே சமயம் புதுப்பிக்கக் கிளம்பிவிடாதீர்கள்!

இப்படிக்கு,
பெயிண்டிங் மேற்பார்வையாளர், மதுரை