செந்தூல் பாட்டியின் கட்சி

அன்பு மகளுக்கு,

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்துப் பாட்டி கட்சி மாறிய கதையை என் புத்தகத்தில் எழுத வேண்டாம், அவருடைய பிள்ளைகள் மனம் நோகும் என்று போனில் சொன்னாய். வழக்கறிஞரான நீ அப்படித்தான் பேசுவாய். ஆனால் அந்த அத்தியாயத்தை நான் எடுக்கப் போவதில்லை.

1952 பிப்ரவரியில் கோலாலம்பூருக்கு முதல் நகராட்சித் தேர்தல் வந்தபோது ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) துணை நின்றது டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு. பாட்டியும் அதற்காகத்தான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாக்குக் கேட்டுப் படியேறினார். மலாய்க்காரர்களின் அம்னோவும் சீனர்களின் ம.சீ.ச.வும் கைகோத்து 12 இடங்களில் 9 இடங்களை அள்ளிக்கொண்டன; சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. 1954-இல் ம.இ.கா.வே அந்தக் கூட்டணியில் போய்ச் சேர்ந்தது. தலைவர்கள் போனது ராஜதந்திரம், பின்னால் போன பாட்டி மட்டும் கட்சி தாவியவரா? பிள்ளைகள் எதற்கு வெட்கப்படுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

அந்தத் தேர்தலில் பங்சாரில் வென்ற தேவகி கிருஷ்ணனை, மலாயாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் என்று இன்றும் சொல்கிறார்கள். பாட்டி எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. அதனால் அவரைத் தேடுவது பெரும்பாடு. பழைய தமிழ்ப் பத்திரிகையில் அவர் கணவர் பெயரோடு வெறும் ‘திருமதி’. பதிவு ஆவணங்களில் தகப்பன் பெயர். லெட்சுமி என்ற பெயரை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுத்தருக்கு ஒரு விதமாக எழுதுவார்கள் என்பது உனக்கே தெரியும். பாட்டியின் பெயர் அதைவிட நீளம். கூட்டப் படங்களில் ஆண்களுக்கெல்லாம் பெயர் போட்டிருக்கிறார்கள். பின்வரிசைக்கு ‘மகளிர்’ என்ற ஒரு சொல்லோடு சரி.

காகிதத்தைவிட செந்தூலின் மூதாட்டிகள்தான் எனக்கு அதிகம் தந்தார்கள். பாட்டி சீட்டுப் பிடித்தாராம். யார் வீட்டில் எத்தனை பேர், எந்தப் புருஷன் குடிக்கிறான், எந்த மருமகள் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தேர்தல் வந்ததும் அந்தச் சீட்டு நோட்டே வாக்குக் கேட்கும் பட்டியலாயிற்று. கட்சிக்காரர்கள் மேடை போட்டுக் கத்திக்கொண்டிருக்க, இவர் அடுப்படியில் உட்கார்ந்து அரிசி விலையில் தொடங்கி வாக்கில் முடிப்பாராம். சீட்டில் ஒரு பணத் தகராறும் உண்டு. அதையும் எழுதுவேன், குறையே இல்லாத பாட்டியை யார் நம்புவார்கள்?

அவர் மறக்கப்பட்டதற்குக் குடும்பத்தார் சொல்லும் காரணம் முதுமை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி நகராட்சி உள்ளிட்ட உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது, அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தோடு அது அடியோடு போயிற்று. உறுப்பினரை மேலிருந்து நியமித்தால் போதும் என்றான பிறகு, தெருத் தெருவாக ஆள் அறிந்த பெண்ணைத் தேடி யார் வருவார்கள்? என் புத்தகத்தின் நடு அத்தியாயம் இதுதான்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். லண்டனில் கியூ என்ற இடத்தில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. காலனி அலுவலகக் கோப்புகள் அங்கேதான். மலாயா நகராட்சித் தேர்தல்கள் பற்றி 1951 முதல் 1955 வரை என்ன இருக்கிறது என்று பார். வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுக்கலாம். ஒவ்வொரு படத்தோடும் கோப்பு எண்ணைக் குறித்து அனுப்பு, அது இல்லாவிட்டால் எனக்குப் பயனில்லை.

அன்புடன்,
அம்மா