எங்கள் ஊர் பிற்காலக் குடியேற்றமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் ஊர் வரலாற்றுத் தொடரில் சென்ற வாரம் எங்கள் ஊருக்கு முறை வந்தது. 1906, 1917 ஆண்டுகளில் வெள்ளைக்கார அரசாங்கம் வெளியிட்ட மாவட்ட விவர நூல்களான கெசட்டியர்கள் இரண்டிலும் பெயர் காணப்படாததால், இது பிற்காலக் குடியேற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் தீர்ப்பளித்துவிட்டார். எங்கள் பாட்டன் பூட்டன்மார் எந்த ஊர் வண்டியில் வந்து இறங்கினார்கள் என்பதையும் அவரே எழுதியிருந்தால் இன்னும் உபகாரமாக இருந்திருக்கும்.

அவர் புரட்டிய புத்தகங்கள் எவை? 1906-இல் வெளிவந்தது பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்டக் கெசட்டியர். 1917-இல் வெளிவந்தது பேட் எழுதிய திருநெல்வேலிக் கெசட்டியர். எங்கள் ஊர் இருப்பதோ சாத்தூர் தாலுகாவில். சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலியைச் சேர்ந்தவை. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டன. 1906-இல் நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், மதுரைப் புத்தகத்தில் எப்படி இருப்போம்? 1917-இல் ராமநாதபுரத்துக்காரர்கள், திருநெல்வேலிப் புத்தகத்தில் எங்களுக்கு என்ன வேலை? அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் தாயாரைக் காணோம், ஆகவே இவர்களுக்குத் தாயே கிடையாது என்பதுபோல இருக்கிறது இந்த ஆராய்ச்சி. 1985-இல் எங்களை இன்னொரு முறை பிரித்து விருதுநகர்ப் பக்கம் சேர்த்தார்கள். நின்ற இடத்திலேயே நின்று மூன்று மாவட்டம் பார்த்த ஊர் ஐயா இது. தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் எப்படி அச்சேறியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 1879-இல் ஸ்டூவர்ட் தொகுத்த, அதே மாதிரி மாவட்ட விவர நூலான திருநெல்வேலி மானுவலை ஒருமுறை கையில் எடுக்கக்கூடவா அவருக்கு நேரமில்லை?

இன்னொன்று. கெசட்டியரில் பெயர் இல்லையென்றால் ஊரே இல்லை என்று யார் சொன்னது? இம்பீரியல் கெசட்டியர் 26 தொகுதி என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அகர வரிசையில் ஊர்ப் பெயர்கள் வருவது ஐந்தாம் தொகுதி முதல் இருபத்து நான்காம் தொகுதி வரைதான். பர்மா உட்பட அன்றைய இந்தியா முழுவதற்கும் இவ்வளவே இடம். ஜமீன் அரண்மனையோ, பெரிய கோயிலோ, சந்தையோ, ரயில் நிலையமோ இருந்தால் துரைமார் நாலு வரி எழுதினார்கள். கம்பும் பருத்தியும் விதைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி எழுத அவர்களுக்கு என்ன இருந்தது? அவனிடம் தீர்வை, அதாவது நிலவரி, வாங்கினால் போதும். அந்தக் கணக்கு வேறு ஏட்டுக் கட்டுகளில் இருக்கும். அதிலும் பெரிய கிராமத்தோடு சேர்த்துக் கணக்கெழுதப்படும் உட்கடைக் கிராமம் என்றால் தாய்க் கிராமத்தின் பெயருக்குள் ஒளிந்திருக்கும். இப்போது வழங்கும் எழுத்துக்கூட்டலில் பெயரைத் தட்டிக் கணினி ‘இல்லை’ என்றதும் எழுந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே அகப்படும்? ஏழாயிரம்பண்ணையின் ‘ழ’வை வெள்ளைக்காரன் ‘ல’ ஆக்கித்தானே எழுதினான்!

நான் சர்வே சங்கிலி பிடித்தே தலை நரைத்தவன். என் தகப்பனார் கர்ணமாக, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். 1980-இல் அந்தப் பதவிகளை ஒழித்தபோது, கணக்குக் கட்டுகளை எண்ணிப் பார்த்து ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். பிற்பாடு ஓர் அலுவலகத்தில் அதே மாதிரிக் கட்டுகளைக் கரையான் அரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். “பழசுதானே சார்” என்றார்கள். எங்கள் பிள்ளையார் கோயில் மானிய நிலத்துக்கு மானிய நிலங்களை விசாரித்த இனாம் கமிஷன் 1860-களில் கொடுத்த உரிமைப் பத்திரத்தின் (டைட்டில் டீட்) நம்பர் இன்றும் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஊரே இல்லாத இடத்தில் எந்தப் பிள்ளையாருக்கு மானியம் கொடுத்தார்கள் என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே போவதற்கு அவருக்கு பஸ் கிடைக்கவில்லை போலும்.

இந்தத் தொடர் தொடங்கிய நாளாக எந்த ஊருக்குப் போனாலும் பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு எந்தக் கெசட்டியரில் ஆதாரம் பார்த்தீர்கள்? முன்பு இது பற்றி விரிவாக எழுதியிருந்தேன். மூன்று வரியாக நறுக்கி, என் ஊர்ப் பெயரையும் பிழையாகப் போட்டீர்கள். போகட்டும். ஊர்ப் பெயர் என்றால் எல்லோருக்குமே இளக்காரம்தான். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை போட்டார்கள், சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அரசாங்கமே அப்படி என்றால் தங்களை மட்டும் நொந்து என்ன பயன்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாத்தூர் தாலுகா 1910-இல்தான் மாவட்டம் மாறியது என்றும், ‘பிற்காலக் குடியேற்றம்’ என்ற முடிவு திரும்பப் பெறப்படுகிறது என்றும் இரண்டு வரி, அதே தொடரின் அதே பக்கத்தில் வர வேண்டும். கடிதங்கள் பகுதியின் மூலையில் வேண்டாம். இனி வரும் ஊர்களுக்காவது அந்தந்த ஆண்டில் அவை எந்தத் தாலுகாவில், எந்த மாவட்டத்தில் இருந்தன என்று பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டின் நகல் இணைத்துள்ளேன். பார்த்த பிறகு திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
சாத்தூர் வட்டம்,
விருதுநகர் மாவட்டம் (இப்போதைக்கு).