சிரிப்பொலி கேட்காத நகைச்சுவைக்காரர்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

பாளையங்கோட்டைத் தெருக்களிலும் ஆற்றுப் படித்துறையிலும் நீயும் உன் கூட்டாளிகளும் எடுத்து யூடியூபில் ஏற்றும் காணொளிகளை விடாமல் பார்த்து வருகிறேன். வசனத்தில் உனக்குக் குறைவில்லை. ஆனால் கேமரா, கோயில் கொடையில் போடும் நாடகத்தை முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பவரைப் போல அசையாமல் இருக்கிறது. போதாதென்று ஒவ்வொரு ‘ஏலே’க்குப் பின்னாலும் ஒரு சிரிப்பொலியை ஒட்டிவிடுகிறாய். இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினிக்காக மச்சில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறை நான். எங்கள் காலத்துத் தூர்தர்ஷன் நாடகங்களும் மேடையை விட்டு இறங்கியதில்லை என்பதால், பழியை உன்மேல் மட்டும் போட மாட்டேன்.

மேடையை விட்டுவிட்டு கேமராவை வைத்தே சிரிக்கவைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். அந்த நகைச்சுவைக்காரர் எர்னி கோவாக்ஸ், 1919-இல் அமெரிக்காவின் டிரென்டன் நகரில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். வானொலியில் பேசிப் பழகி, 1950-இல் பிலடெல்பியாவில் தொலைக்காட்சிக்கு வந்தார். மில்டன் பெர்ல் போன்ற அன்றைய பெரும் நட்சத்திரங்கள் மேடைக் கலையைத்தான் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். கோவாக்ஸோ, கேமராவின் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய வேடிக்கைகளைத் தேடினார். அரங்கில் இருப்பவர்களுக்கு அவை தெரியாது என்பதால், நேரடிப் பார்வையாளர்களையும் பதிவுசெய்த சிரிப்பொலியையும் அவர் விரும்பவில்லை.

1957 ஜனவரியில் என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸுக்கு ஒன்றரை மணி நேரம் தர முன்வந்தது. அவர் ஒரு மணி நேரம் போதும் என்றுவிட, மிஞ்சிய அரைமணி கோவாக்ஸுக்கு வந்தது. அதை அவர் ஏறத்தாழ வசனமே இல்லாமல் நிகழ்த்தினார். யூஜீன் என்ற பாத்திரமாக மேசைமுன் அமர்ந்து உணவுப் பெட்டியைத் திறக்கிறார். எடுத்து வைக்கும் ஆலிவ் காய்கள் உருண்டோடுகின்றன, குடுவையிலிருந்து ஊற்றும் பால் கோப்பைக்குள் விழாமல் பக்கவாட்டில் போகிறது. அரங்கமே சாய்வாகக் கட்டப்பட்டு, கேமராவும் அதே அளவு சாய்க்கப்பட்டிருந்ததால், பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் மட்டமாகவே தெரிந்தது. புவியீர்ப்பைத் தவிர வேறு எதுவும் அங்கே குறும்பு செய்யவில்லை!

1961-இல் ஏ.பி.சி. என்ற இன்னொரு தொலைக்காட்சி நிறுவனத்துக்காக அவர் எடுத்த சிறப்பு நிகழ்ச்சிகளில் அலுவலகச் சாமான்கள் இசைக்கேற்ப ஆடின. சுருட்டு நிறுவனமே புரவலராக இருந்த அந்நிகழ்ச்சிகளில் விளம்பரங்கள்கூடப் பேசவில்லை. அந்த நிகழ்ச்சி வரிசை முடிவதற்குள், 1962 ஜனவரியில், கோவாக்ஸ் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த கார் விபத்தில் இறந்தார். வயது 42.

நாடாக்கள் விலை கூடியவை என்பதால் நிறுவனங்கள் பழைய பதிவுகளை அழித்து அவற்றின்மேலேயே புதியவற்றைப் பதிந்துவந்தன. கோவாக்ஸின் மனைவி ஈடி ஆடம்ஸ் எஞ்சியவற்றை விலைகொடுத்து வாங்கியிராவிட்டால் இன்று நமக்கு மிகக் கொஞ்சமே கிடைத்திருக்கும். பின்னாளில் ‘லாஃப்-இன்’, ‘சாட்டர்டே நைட் லைவ்’ போன்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கோவாக்ஸின் வழித்தடம் தெரிகிறது என்பார்கள். அந்தப் பட்டியலைவிட அவருடைய தொழில்முறைதான் உனக்குப் பயன்படும் என்பது என் எண்ணம்.

ஆகவே, அடுத்த காணொளிக்கு நம் வீட்டுத் தார்சாவில் கிடக்கும் மேசையை எடுத்துக்கொள். ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து, கைப்பேசியை அதே சாய்வில் பொருத்து. சுவரின் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடு. நடிப்பவனும் மேசை சாய்ந்திருக்கும் அதே அளவு சாய்ந்தே உட்கார வேண்டும். நெல்லிக்காய் நன்றாக உருளும். வசனமும் வேண்டாம், சிரிப்பொலியும் வேண்டாம். ஏற்றுவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா