சமையலறை கட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு கட்டும் பொறியாளர்கள், மேஸ்திரிகள், மாடுலர் கிச்சன் மாட்டித் தரும் தச்சர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, அம்மா சமையலறைக்குள் நுழைந்ததும் கேஸ் வாடை. நல்லவேளை, லைட்டைப் போடவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்து, மாடியில் இருந்த என்னைக் கூப்பிட்டார். மேடைக்கு அடியில் இருந்த பலகைக் கதவைத் திறந்ததும் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. ரெகுலேட்டரை மூடினேன். பிறகு வந்த மெக்கானிக் டியூபைக் கழற்றிக் காட்டினார். கிரானைட்டில் போட்ட ஓட்டையின் விளிம்பு உரசி உரசி ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தது.

"ராத்திரி ரெகுலேட்டரை மூடுறதில்லையாம்மா?" என்று கேட்டேன். "குனிஞ்சு உள்ளே கைவிட முடியலைப்பா" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. சிலிண்டர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், நீங்களும் செய்து கொடுக்கிறீர்கள். ஆனால் மறைத்து வைத்த பிறகு ரெகுலேட்டரை யாரும் மூடுவதில்லை, டியூபில் அச்சிட்ட தேதியை யாரும் பார்ப்பதில்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டியூப் அது.

இன்னொன்று, நம் சிலிண்டரில் இருக்கும் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். கூரைக்குக் கீழே நீங்கள் வைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் தாளிப்புப் புகைக்கு நல்லது, கசிவுக்கு உதவாது. வாடை வரும்போது அதன் சுவிட்சைத் தொடவும் கூடாது. அடைத்த அலமாரிக்குள் கசியும் கேஸ் அங்கேயே தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் இடத்துக்குக் கதவு வேண்டாம். வீட்டுக்காரர் பிடிவாதமாகக் கேட்டால், தரையை ஒட்டி ஒன்றும் மேலே ஒன்றுமாகக் காற்றுத் திறப்பு விடுங்கள். மேலே மட்டும் நாலு துளை போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அடியில் பலகையும் வேண்டாம். 14.2 கிலோ கேஸோடு இரும்பும் சேர்ந்து சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ வரும். நாலு அங்குலப் பலகை மேல் அதைத் தூக்கி வைக்க அறுபது வயதுப் பெண்ணால் முடியுமா? தரையோடு தரையாக இருந்தால் உருட்டியே உள்ளே தள்ளிவிடலாம்.

டியூப் நீளம் ஒன்றரை மீட்டர்தான் என்பதையும் மேடை போடும்போதே கணக்கில் எடுங்கள். அடுப்பு ஒரு கோடியிலும் சிலிண்டர் மறுகோடியிலும் இருந்தால், டியூபை இடையில் ஒட்டுப்போடத்தான் தோன்றும். அது கூடவே கூடாது. டியூப் நுழைய கிரானைட்டில் ஓட்டை போட்டால் விளிம்பை மழுக்கி ஒரு பிளாஸ்டிக் வளையம் செருகுங்கள். பத்து நிமிட வேலை. அடுப்புக்கு நேர் பின்னால் ஜன்னல் வேண்டாம்: காற்றில் தீ அணையும், திரைச்சீலையும் பற்றும்.

அப்புறம், சாவி கொடுக்கும் நாளில் அந்த வீட்டில் சமைக்கப்போகிறவரையே கூப்பிட்டு, ரெகுலேட்டரை ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். அவர் கைக்கு எட்டவில்லை என்றால், தச்சர் இன்னும் அங்கேதானே இருப்பார்.