மெல்போர்ன் வண்டிகள் இனி கண்டகாயில் ஒரு ராத்திரி நிற்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு நம் கடையில் வேன் வாடகைக்கு எடுத்தால், ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால், வழியில் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும் என்று எதற்காகப் புதுசாக ஒரு விதி? கூடுதல் நாள் வாடகை பிடுங்கத்தானே என்று ஒரு அண்ணா நேராகவே கேட்டுவிட்டார். கேட்டது நல்லதுதான், மனசுக்குள் வைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போவதைவிட. போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப் போனதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. சில வருஷங்களுக்கு முன்னால் மெல்போர்ன் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் ஒரு கல்யாணம் முடிந்து, சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு, காலையில் கடை திறக்க வேண்டுமே என்று அன்றைக்கு ராத்திரியே சிட்னிக்குக் கிளம்பினேன். நம் கடை வேன்தான், உள்ளே என் மாமியார் உட்பட ஒன்பது பேர். நடு ராத்திரி தாண்டி ஹோல்புரூக் பக்கம் வரும்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நானும் தூங்கிவிட்டேன். இரண்டு விநாடியா மூன்று விநாடியா தெரியவில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் ஏறினால் கடகடவென்று ஒரு சத்தம் வருமே, அதுதான் எழுப்பியது. பின்னாலிருந்து மாமியார், "என்ன மாப்ளே சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்ல அத்தை, ரோடு சரியில்ல" என்றேன். ரோட்டுக்கு ஒன்றுமே இல்லை. 2013-ல் ஹோல்புரூக் புறவழிச்சாலை திறந்ததோடு சிட்னி மெல்போர்ன் முழுக்க இரட்டைச் சாலை ஆகிவிட்டது, வழுவழுவென்று கிடக்கிறது. அந்த வழுவழுப்புதான் ஆபத்து. வளைவில்லை, சிக்னல் இல்லை, 110-ல் வைத்துவிட்டால் கைக்கும் காலுக்கும் வேலையே இல்லை, தூக்கம் வராமல் என்ன செய்யும்?

அதனால்தான் இந்த விதி. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்கள், இரண்டு பேருடைய லைசென்ஸும் எங்களிடம் பதிவாகி இருக்கிறது என்றால் ஒரே நாளில் போய்க்கொள்ளுங்கள், நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். ஒருவர்தான் என்றால் முடியாது. மொத்தம் கிட்டத்தட்ட 880 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினாலே ஒன்பது மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் இறங்கி நிற்கச் சொல்கிறார்கள், குழந்தைகள் இருந்தால் அது கால் மணியில் முடியாது. பதினொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தங்குவதென்று ஆகிவிட்டது, எதற்கு வழியில் இருக்கும் கண்டகாய் என்ற சின்ன ஊர்? ஊர் பெயரைக் கேட்டதும் கண்ட காய்களையும் விற்கிற மார்க்கெட் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதவர் யாருமில்லை. நாங்கள் இதை வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஆறு மணிக்குத்தான் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கத்திலிருந்து கிளம்புகிறீர்கள். கோல்பர்னில் தங்கினால் 200 கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள், மறுநாள் பாரம் முழுக்க அப்படியே மிச்சம். ஆல்பரி நல்ல ஊர்தான், ஆனால் போய்ச் சேர நள்ளிரவு ஆகும், நாங்கள் எதைத் தவிர்க்கச் சொல்கிறோமோ அதுவே. கண்டகாய் 380 கிலோமீட்டர் சுமார். பத்து, பத்தரைக்குள் படுத்துவிடலாம். காலையில் ஊரைப் பார்த்துவிட்டு பத்து மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் நாலுக்குள் மெல்போர்ன்.

அப்புறம் இன்னொரு காரணம், அது எங்கள் சொந்த ஆசை. இந்த ஊரை 1977-லேயே நெடுஞ்சாலை ஒதுக்கிவிட்டது. மர்ரம்பிட்ஜி ஆற்றுக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஷீஹன் பாலம் கட்டினார்கள், அன்றிலிருந்து எல்லோரும் பாலத்து மேலேயே பறந்துவிடுகிறோம். நானும் எத்தனையோ வருஷம் அப்படித்தான் பறந்தேன். கீழே ஒரு ஊர் இருக்கிறது என்றே தெரியாது.

ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால், சிட்னிப் பக்கம், ஒரு நாய்ச் சிலை இருக்கிறது. டக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் நாய். இந்த நாட்டுப் பேச்சில் டக்கர் என்றால் சாப்பாடு, ஆக நம் ஊர்க் கணக்கில் அது கட்டுச்சோற்றுப் பெட்டி. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்காரர்கள் பாரம் ஏற்றிக்கொண்டு இந்த வழியாகப் போவார்கள், வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் ஆள் மாட்டோடு மல்லுக்கட்டும்போது நாய் பெட்டிக்குக் காவல். அதுதான் கதை, அதை ஒட்டிய நாட்டுப் பாட்டும் உண்டு. அந்தப் பாட்டின் பழைய வடிவத்தில் நாய் பெட்டி மேல் வெறுமனே உட்காரவில்லை, வேறு ஒரு காரியம் செய்துவைத்தது என்றும் சொல்வார்கள். கட்டுச்சோற்றில் எலியை வைத்துக் கட்டின கதைதான், இங்கே எலிக்குப் பதில் நாய். பிள்ளைகளுக்கு எந்த வடிவத்தைச் சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சிலையை 1932-ல் அப்போதைய பிரதமர் ஜோசப் லயன்ஸ் வந்து திறந்துவைத்தார். ராத்திரியில் தாண்டிப் போயிருப்பீர்கள், காலையில் எட்டு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். வரலாம்.

அந்த நாயைச் செய்தவர் ஃப்ராங்க் ரஸ்கோனி, ஊரில் கல்லறைக் கல் வெட்டுகிற தொழிலாளி. உலகம் அவரை நாய்க்காக நினைவு வைத்திருக்கிறது, ஆனால் அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது வேறொன்று. நியூ சவுத் வேல்ஸ் பளிங்கில் 20,948 துண்டுகளை வெட்டிச் சேர்த்து, ஆள் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேல், ஒரு மாளிகை மாதிரி. 28 வருஷம் ஆயிற்று. ஷெரிடன் தெருவில் சுற்றுலாத் தகவல் நிலையத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்டு வளர்ந்த என் கூட்டாளி அதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார், வண்டி கிளப்ப வேண்டும் என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம்விட நீங்கள் பார்க்க வேண்டியது, அதே ஷெரிடன் தெருவில், மரப்பட்டை ஓடத்தோடு இருக்கும் இரண்டு மனிதர்களின் வெண்கலச் சிலை. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஊர் முதலில் இப்போது இருக்கும் மேட்டில் இல்லை, ஆற்றையொட்டிய தாழ்வான சமவெளியில் இருந்தது. அங்கே வீடு கட்டாதீர்கள், பெரிய வெள்ளம் வரும் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான விராஜுரி மக்கள் ஆரம்பத்திலேயே சொன்னதாகச் சொல்வார்கள். யார் கேட்டார்கள்? 1852 ஜூன் 24 ராத்திரி ஆறு ஊருக்குள் வந்தது. சுமார் 250 பேர் வாழ்ந்த ஊரில் குறைந்தது 78 பேர் செத்தார்கள். ஜூன் என்றால் இங்கே நடுங்கும் குளிர், கூரையிலும் மரத்திலும் தொற்றிக்கொண்டு கத்துகிறார்கள். யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற விராஜுரி ஆண்களும் அவர்களோடு இன்னும் சிலரும், தங்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆட்களைக் காப்பாற்ற, அந்த வெள்ளத்தில் ஓடம் விட்டார்கள். பட்டை ஓடத்தில் எத்தனை பேரை ஏற்ற முடியும்? ஒருவர், மிஞ்சினால் இருவர். போய் வந்து, போய் வந்து, அறுபது எழுபது பேரைக் கரை சேர்த்தார்கள். ஊரில் கால்வாசிக்கு மேல். அப்புறம்தான் ஊர் மேட்டுக்கு ஏறியது.

வெண்கலச் சிலை வந்தது 2017-ல், 165 வருஷம் கழித்து. நாய்க்கு 1932-லேயே பிரதமர் வந்துவிட்டார். நான் இதை வண்டியில் வருகிற எல்லோரிடமும் சொல்வேன், என் மனைவி போதும் விடுங்கள் என்பார், இருந்தாலும் சொல்வேன்.

மற்றதெல்லாம் உங்கள் நேரத்தைப் பொறுத்தது. 1867-ல் கட்டிய இளவரசர் ஆல்ஃப்ரெட் பாலத்தின் இரும்புப் பகுதி ஆற்றின் மேல் நிற்கிறது, சமவெளியைத் தாண்ட அதோடு சேர்த்துக் கட்டியிருந்த நீள மரப்பாலத்தை 2021-ல் இடித்துவிட்டார்கள், பக்கத்திலேயே பழைய ரயில் மரப்பாலம் இருக்கிறது. அடியில் நடக்கும்போது வேலி போட்ட இடத்துக்குள் போகாதீர்கள், போட்டோ வெளியிலிருந்தே நன்றாக வரும். நயாகரா என்று கிரேக்கக் குடியேறிகள் வளர்த்த பழைய காஃபி கடை ஒன்று உண்டு, 1942-ல் போர் நேரத்தில் பிரதமர் ஜான் கர்ட்டின் ராத்திரி வந்து ஸ்டேக்கும் முட்டையும் சாப்பிட்ட இடம். கடை கைமாறியிருக்கிறது, திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கேப்டன் மூன்லைட் என்ற வழிப்பறிக்காரர் கிடக்கிறார். இயற்பெயர் ஆண்ட்ரூ ஜார்ஜ் ஸ்காட். 1879-ல் இந்த ஊருக்குப் பக்கத்தில் போலீஸோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவருடைய உயிர் நண்பர் ஜேம்ஸ் நெஸ்பிட் அவர் கையிலேயே செத்தார். 1880 ஜனவரியில் ஸ்காட்டை சிட்னியில் தூக்கிலிட்டார்கள். நண்பனோடு புதையுங்கள் என்று எழுதிக் கேட்டும் கேட்கவில்லை, நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்தார்கள். 1995-ல்தான் எடுத்துக் கொண்டுவந்து நெஸ்பிட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நம் வேனில் நீங்கள் போகிற அதே வழியாகத்தான் அவரும் போயிருப்பார்.

இனி நடைமுறை. மோட்டல் வரவேற்பறை ராத்திரி எட்டு, ஒன்பதுக்கு மூடிவிடும், மதியமே போன் செய்து தாமதமாக வருவோம் என்று சொன்னால் சாவியை எங்கே வைப்பார்கள் என்று சொல்வார்கள். சொல்லாமல் போய்ப் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டிவிட்டு எங்களைத் திட்டாதீர்கள். சமையலறைகளும் எட்டோடு சரி, அதுவும் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவல்தான் கிடைக்கும். ஆக புளிசாதமோ இட்லி மிளகாய்ப்பொடியோ கட்டிக்கொண்டு போங்கள். வண்டியில் ஐஸ் பெட்டி இலவசமாகத் தருகிறோம், காவலுக்கு நாய் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருட்டிய பிறகு கங்காரு வரும், வாம்பட் என்ற குட்டையான, கனத்த விலங்கும் வரும். எதிரில் வந்தால் பிரேக் போடுங்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள், பன்னிரண்டு இருக்கை வேன் வெட்டினால் கவிழும். குளிர்காலக் காலையில் ஆற்றுப் பள்ளத்தில் பனி மூட்டமாக நிற்கும், அது கலையும் வரை ஷெரிடன் தெருவில் நடந்துகொண்டிருங்கள், அதற்காகத்தானே நிறுத்தினோம். இன்னொன்று, கூலாக்கிலிருந்து கண்டகாய் வரை உள்ள பகுதியில் 2025 மே 1-லிருந்து சராசரி வேகத்தை அளக்கும் கேமராவைக் கார்களுக்கும் சோதனையாகக் கொண்டுவந்தார்கள், ஜூலையிலிருந்து அபராதமும் போட ஆரம்பித்தார்கள். கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டு, தாண்டியதும் மிதிக்கிற வித்தை அங்கே செல்லாது, இரண்டு முனைக்கும் இடையில் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று கணக்குப் போடுவார்கள். அபராதக் கடிதம் முதலில் எங்களுக்குத்தான் வரும், நாங்கள் ஓட்டியவர் பெயரை எழுதி அனுப்பிவிடுவோம், உறவு வேறு, அது வேறு.

இப்போது அந்த அண்ணாவின் கேள்விக்குப் பதில். கூடுதல் நாளுக்கு முழு வாடகை வாங்கப் போவதில்லை, பாதிதான். அறை வாடகை உங்களுடையது, எந்த மோட்டலிலிருந்தும் எங்களுக்குக் கமிஷன் கிடையாது, ஆற்றோரத்தில் கேரவன் பார்க்கில் கூடாரம் அடித்துத் தங்கினாலும் சரி. கண்டகாய் பிடிக்கவில்லை, யாஸில் தங்குகிறோம் என்றாலும் சரிதான், தங்கிய ரசீதைக் காட்டினால் போதும். ரசீது இல்லாமல் மறுநாள் காலை ஆறு மணிக்கே மெல்போர்னிலிருந்து போட்டோ போடுகிறவர்களுக்கு அடுத்த தடவை வண்டி கிடையாது, சென்ற வாரமே ஒருவருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று, அவர் என் சொந்த மச்சான்.

தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எடுப்பவர்கள் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். ஐஸ் பெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள், போன தடவை வந்த ஒன்றில் இன்னும் மீன்குழம்பு வாசனை போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வேன்கடைக்காரன்
பெண்டில் ஹில், சிட்னி